அலிபிரிப் படிகளும் அன்றாட நடையும்

நாட்டின் வளர்ச்சியை அளப்பதற்கு உணவு உற்பத்தி, மின்சக்தி, சாலைகளின் நீளம், எழுத்தறிவு விகிதம் எனப் பல அளவுகோல்கள் உண்டு. மக்கள் நாள்தோறும் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பது இந்த வரிசையில் இடம்பெற்றதில்லை. நெடுங்காலம் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வயலுக்கும் சந்தைக்கும், பள்ளிக்கும் கிணற்றுக்கும் நடந்தே சென்ற சமுதாயத்தில் நடை என்பது வாழ்க்கையோடு கலந்திருந்தது. அதனைத் தனியே ஒரு பயிற்சியாக எவரும் மேற்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்று 2024-ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் போதிய உடலுழைப்பு இல்லாத வயதுவந்தோர் 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 22 விழுக்காட்டினராக இருந்தனர். 2022-இல் அவர்கள் ஏறத்தாழ 49 விழுக்காட்டினராக உயர்ந்துவிட்டனர். பெண்களிடையே இவ்விகிதம் 57 விழுக்காடு. ஆண்களிடையே 42 விழுக்காடு. இதே ஆண்டில் உலக சராசரி 31 விழுக்காடேயாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு நோயுடனும், 13 கோடிக்கு மேற்பட்டோர் அந்நோயின் முந்தைய நிலையிலும் வாழ்கின்றனர் என மதிப்பிட்டது. இவ்விரு செய்திகளையும் தனித்தனியே பார்ப்பதற்கில்லை.

இந்நிலையில், மக்களைக் கூட்டமாக நடக்கச் செய்வது எப்படி என்ற வினா பொது நிர்வாகத்தின் வினாவாகிறது. இதற்கு விடை தேடுவோர் முதலில் பார்க்க வேண்டிய இடங்களுள் ஒன்று ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி நகரை ஒட்டியுள்ள அலிபிரி.

மலையடிவாரத்தில் தொடங்கும் பாதை

சேஷாசல மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த அலிபிரி, திருமலைக்கு நடந்து செல்வோரின் வாயில். முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் உருவான திருப்பதி மாவட்டத்தில் இப்போது அடங்கும். மலையடிவாரத்தில் இருந்த புளியமரத்தைக் குறிக்கும் 'அடிப்புளி' என்னும் தமிழ்ச் சொல்லே அலிபிரி என்று திரிந்தது எனக் கூறுவாரும் உளர். திருமலை நம்பியிடம் இராமானுசர் இராமாயணம் பயின்றது இவ்வடிவாரத்தில்தான் என்பது வைணவ மரபு.

இங்கிருந்து திருமலை வரை செல்லும் நடைபாதை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமும் ஏறத்தாழ 3,550 படிகளும் கொண்டது. சந்திரகிரிப் பக்கத்தில் சீனிவாச மங்காபுரத்திற்கு அருகிலிருந்து புறப்படும் ஸ்ரீவாரி மெட்டு என்னும் மற்றொரு பாதை 2 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். அதில் 2,388 படிகள் உள்ளன. முன்னது நீண்டது, பின்னது குறுகியதெனினும் செங்குத்தானது. 'மெட்டு' என்பது படியைக் குறிக்கும் தெலுங்குச் சொல்.

1944-ஆம் ஆண்டில் முதலாவது மலைச்சாலை திறக்கப்படும் வரை, திருமலைக்குச் செல்வோர் ஒன்று நடந்து ஏற வேண்டும், அல்லது டோலியில் தூக்கிச் செல்லப்பட வேண்டும். 1974-இல் இரண்டாவது மலைச்சாலையும் வந்தது. பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் மேலே சென்றுவிடலாம் என்ற வசதி ஏற்பட்ட பின்னரும் நடைபாதை வெறிச்சோடிப் போகவில்லை. எளிய வழி கையருகே இருக்கும்போதே கடினமான வழியை ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனர். சமுதாய நலத் திட்டங்களை வகுப்போர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இதுவே.

மக்கள் நடப்பதற்குக் காரணமாவன

பக்தியே இதற்கு முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. வேண்டுதலை நிறைவேற்ற ஏறுபவர்களே மிகப் பலர். எனினும் பக்தியோடு வேறு சில கூறுகளும் சேர்ந்தே இப்பாதையை உயிர்ப்புடன் வைத்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது.

முதலாவது, தெளிவான இலக்கு. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது எவருக்கும் ஐயமின்றித் தெரியும். இரண்டாவது, இடைநிலை அடையாளங்கள். தொடக்கத்தில் செங்குத்தான ஏற்றம். அது முடியும் இடத்தில் காலி கோபுரம். தெலுங்கில் 'காலி' என்றால் காற்று. அதற்குப் பின் பாதை பெரும்பாலும் சமமாகச் செல்கிறது. மான் பூங்காவைக் கடந்து மலைச்சாலையை ஒட்டிச் சிறிது தூரம் நடந்த பின், முழங்காலின் பெயரையே தாங்கிய மோகாளு மெட்டு என்னும் கடைசி ஏற்றம் வருகிறது. தமிழ்நாட்டு யாத்திரிகர்கள் இதனை 'முழங்கால் முறிச்சான்' என்பர். நீண்ட வழியொன்று இவ்வாறு சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்து நிற்பதால், களைத்தவர் முழுத் தூரத்தையும் நினைத்து மலைப்பதில்லை. அடுத்த மண்டபத்தை மட்டுமே நினைக்கிறார்.

மூன்றாவது, துணை. தனியாகப் புறப்பட்டவரும் இப்பாதையில் தனியராக நடப்பதில்லை. குடும்பங்கள், நண்பர் குழுக்கள், ஊரார் கூட்டங்கள் என அனைவரும் ஒரே திசையில் செல்கின்றனர். செல்வர், வறியர், அலுவலர், கூலித் தொழிலாளர் என்ற வேற்றுமை படியில் கால் வைத்ததும் மறைகிறது. நான்காவது, வசதிகள். திருமலை திருப்பதி தேவஸ்தானம் வழி நெடுகக் குடிநீரும் கழிப்பறைகளும் அமைத்துள்ளது. நடந்து செல்வோரின் மூட்டை முடிச்சுகளைக் கட்டணமின்றி மேலே கொண்டு சேர்க்கிறது. பழுதடைந்த மேற்கூரையைப் புதுப்பிப்பதற்காக 2021 ஜூன் மாதம் மூடப்பட்ட பாதை, அவ்வாண்டு அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. வெயிலும் மழையும் நடப்பவரைத் தடுக்கவில்லை என்பதற்கு அக்கூரையே காரணம். ஐந்தாவது, ஊக்கம். நடந்து வருவோர்க்கெனத் தனித் தரிசன அனுமதிச் சீட்டுகள் வழங்கும் ஏற்பாடு பல ஆண்டுகளில் நடைமுறையில் இருந்துள்ளது. 2023-இல் அலிபிரிப் பாதைக்கு நாளொன்றுக்கு 10,000, ஸ்ரீவாரி மெட்டுக்கு 5,000 என அவை ஒதுக்கப்பட்டன.

இலக்கு, அடையாளம், துணை, வசதி, ஊக்கம் ஆகிய இவ்வைந்தும் உலகில் எங்கு மக்கள் நடைத் திட்டம் வெற்றி பெற்றிருந்தாலும் அங்கே காணக்கூடியவை. இங்கிலாந்தில் 1990-களின் நடுப்பகுதியில் சானிங் காமன் என்ற சிற்றூரில் வில்லியம் பேர்ட் என்னும் குடும்ப மருத்துவர், தம்மிடம் வந்த நோயாளிகளுக்காகத் தொண்டர்கள் வழிநடத்தும் குறுநடைகளைத் தொடங்கினார். 2000-ஆம் ஆண்டு முதல் அது நாடளாவிய இயக்கமாக விரிந்தது. அங்கே பக்தி இல்லை. ஆனால் குறித்த நேரமும், குறித்த வழியும், உடன் வரத் துணையும் இருந்தன. தமிழ்நாட்டில் திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருவோரிடமும், பழனிக்குப் பாதயாத்திரை செல்வோரிடமும் இக்கூறுகளையே காணலாம்.

உடலுக்கு நடை செய்வது என்ன?

நடையின் பயனைப் பற்றிய அறிவியல் வரலாற்றில் படிக்கட்டுகளுக்கு ஒரு தனி இடம் உண்டு. இலண்டன் மாநகரின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் பணியாற்றிய ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் ஒப்பிட்டார். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்கினார். நடத்துநர்களிடையே மாரடைப்பு குறைவாகக் காணப்பட்டது. வந்தபோதும் அது பிந்திய வயதிலேயே வந்தது. 1953-இல் வெளியான இவ்வாய்வே, உடலுழைப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முறையாக ஆராய்ந்த தொடக்ககால ஆய்வுகளுள் தலையாயது.

நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் திறனும் தசைகளில் கூடுகிறது. உணவுக்குப் பின் 10 அல்லது 15 நிமிடம் நடப்பது, உணவினால் உயரும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவுகிறது. தொடர்ந்து நடப்போரின் இரத்த அழுத்தம் தணிகிறது. எலும்பு வலுவிழப்பது குறைகிறது. உறக்கமும் மனநிலையும் சீர்படுகின்றன.

ஏற்றத்தில் உடல் செய்யும் வேலையை மாணவர்கள் எளிய கணக்கினால் அறியலாம். திருப்பதி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்திலும், திருமலை ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயர வேறுபாட்டை 700 மீட்டர் என்று கொள்வோம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அவ்வுயரத்திற்கு ஏறச் செய்யும் வேலை 60 × 9.8 × 700, அதாவது 4,11,600 ஜூல். ஏறத்தாழ 98 கிலோகலோரி. மனிதத் தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் அல்லது நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்ற வல்லவை. எனவே ஏற்றத்திற்கு மட்டும் 400 முதல் 500 கிலோகலோரி செலவாகும். கிடைமட்டத் தூரத்தை நடப்பதற்கான செலவு இதற்கு மேற்பட்டது. ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று கொண்டால், இது 230 மாடிகளுக்கு மேல் ஏறுவதற்கு ஒப்பாகும்.

எத்தனை அடிகள்?

நாளொன்றுக்கு 10,000 அடிகள் நடக்க வேண்டும் என்ற கருத்து இன்று பரவலாக உள்ளது. இவ்வெண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடந்ததை அடுத்து, 1965-இல் ஜப்பானில் 'மன்போ-கேய்' என்ற அடிமானி விற்பனைக்கு வந்தது. அப்பெயருக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள். நினைவில் நிற்கும் முழு எண்ணாக இருந்தமையால் அது உலகெங்கும் பரவிற்று.

பிற்கால ஆய்வுகள் இதைவிட எளிய அளவுகளைக் காட்டுகின்றன. அமெரிக்காவில் சராசரி 72 வயதுடைய 16,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தோரைவிட 4,400 அடிகள் நடந்தோரிடம் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் நன்மை தென்படவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2025-இல் வெளியான மற்றொரு மதிப்பீடும், 2,000 அடிகளோடு ஒப்பிடுகையில் 7,000 அடிகள் நடப்போரிடம் இறப்பு அபாயம் பாதியளவுக்குக் குறைவதைக் கண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வயதுவந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 அடிகள் என்னும் வேகமே மிதமான நடை. பேச முடிய வேண்டும். ஆனால் பாட இயலாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும் என்பது இதற்கு எளிய அடையாளம்.

இங்கு ஓர் ஒப்பீடு தெளிவு தரும். நாள்தோறும் 3 கிலோமீட்டர் நடப்பவருக்கு அதற்குத் தேவைப்படுவது அரைமணி அல்லது சற்றுக் கூடுதலான நேரமே. அவர் மூன்றே நாட்களில் அலிபிரிப் பாதையின் நீளத்தைக் கடந்துவிடுகிறார். ஓராண்டில் அவர் நடப்பது ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். அதாவது அப்பாதையின் நீளத்தைப்போல் 120 மடங்கு. ஆண்டுக்கொரு முறை மலையேறிவிட்டு எஞ்சிய நாட்களில் அமர்ந்தே இருப்பவரைக் காட்டிலும், மலையையே காணாமல் தம் தெருவில் நாள்தோறும் நடப்பவர் உடல்நலத்தில் மேம்பட்டிருப்பார்.

தமிழகத்தின் இரு சான்றுகள்

நடை நோயைத் தடுக்குமா என்ற வினாவுக்குச் சென்னையிலேயே விடை காணப்பட்டுள்ளது. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் முந்தைய நிலையில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டனர். மூன்றாண்டு முடிவில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகளாயினர். உணவு ஒழுங்கும், நாள்தோறும் குறைந்தது அரைமணி நேர நடை போன்ற உடலுழைப்பும் மேற்கொண்டவர்களில் அவ்விகிதம் ஏறத்தாழ 39 விழுக்காடே. மாத்திரை உட்கொண்டவர்களிடமும் ஏறத்தாழ இதே அளவு பயனே கிடைத்தது. வாழ்க்கை முறை மாற்றம் மருந்துக்கு ஈடாக நின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது சான்று தனி மனிதரைப் பற்றியதன்று. ஒரு குடியிருப்பைப் பற்றியது. மருத்துவர் வி. மோகன் குழுவினர் 1996-இல் தொடங்கிய சென்னை நகர மக்கள் ஆய்வு, நடுத்தர வருவாய்க் குடியிருப்பு ஒன்றையும் குறைந்த வருவாய்ப் பகுதி ஒன்றையும் எடுத்துக்கொண்டது. நடுத்தர வருவாய்க் குடியிருப்பில் நீரிழிவு மிகுந்திருப்பதை ஆய்வாளர்கள் மக்களிடமே எடுத்துரைத்தனர். அம்மக்கள் தாமே நிதி திரட்டித் தங்கள் பகுதியில் ஒரு பூங்கா அமைத்துக்கொண்டனர். வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் 14 விழுக்காட்டிலிருந்து 58 விழுக்காட்டிற்கு மேல் உயர்ந்தனர்.

பத்தாண்டுகள் கழித்து நோய் நிலை மீண்டும் அளக்கப்பட்டது. பூங்கா அமைத்த குடியிருப்பில் நீரிழிவு 12.4 விழுக்காட்டிலிருந்து 15.4 விழுக்காடாகவே கூடியிருந்தது. மற்றப் பகுதியிலோ 6.5 விழுக்காட்டிலிருந்து 15.3 விழுக்காடாகப் பெருகிவிட்டது. இரு பகுதிகளின் வருவாயும் வாழ்க்கை முறையும் வேறுபட்டவை. ஆதலின் வேறுபாடு முழுவதையும் பூங்காவின் கணக்கிலேயே எழுதுவது முறையன்று. எனினும் இரு படிப்பினைகள் தெளிவாகின்றன. அறிவுரையோடு நடப்பதற்கு இடமும் கிடைத்தபோது மக்கள் நடந்தனர். நிதி திரட்டும் வசதி இல்லாத மக்களுக்கு அவ்விடத்தை அரசே அமைத்துத் தர வேண்டும்.

ஏற்றத்தில் உள்ள அபாயங்கள்

நடையின் சிறப்பைக் கூறுவோர் அதன் அபாயங்களை மறைத்தல் ஆகாது. ஆண்டு முழுதும் அமர்ந்தே பணிபுரிந்த ஒருவர், ஒரே நாளில் 230 மாடிகளுக்கு ஒப்பான ஏற்றத்தை ஏற முற்படும்போது, மறைந்திருக்கும் இதய நோய் வெளிப்படக்கூடும். 2024 அக்டோபரில் தேவஸ்தானம் விடுத்த அறிவுரை இதனை வெளிப்படையாகவே கூறியது. 60 வயதைக் கடந்தோர், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, மூட்டு நோய் உடையோர், மிகு உடல் எடை கொண்டோர், இதய நோயாளிகள் ஆகியோர் நடந்து ஏறுவது உகந்ததன்று என அது தெரிவித்தது. அலிபிரிப் பாதையில் 1,500-ஆம் படி, காலி கோபுரம், பாஷ்யகாரர் சன்னதி ஆகிய இடங்களில் மருத்துவ உதவி கிடைக்கும் என்றும் அறிவித்தது.

இதில் அடங்கிய முரண்பாடு சிந்தனைக்குரியது. நடையினால் மிகுந்த பயன் பெறக்கூடியவர்கள் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையவர்களே. அவர்களுக்கே மலைப்பாதை ஏற்றதன்று என்று கூற வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு உரிய பாதை மலையில் இல்லை. அவர்கள் வாழும் தெருவில், சமதளத்தில், நாள்தோறும் நடக்கத்தக்க வகையில் அமைய வேண்டும். தெருவில் அப்பாதை இல்லாத குறையை மலைப்பாதை ஈடுசெய்ய இயலாது.

இயற்கையின் அபாயமும் உண்டு. சேஷாசல மலைகள் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டவை. சிறுத்தையும் கரடியும் வாழும் காடு அது. 2023 ஜூன் மாதம் இப்பாதையில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் சிறுத்தையால் தாக்கப்பட்டு உயிர் பிழைத்தான். அவ்வாண்டு ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தைக்குப் பலியானாள். அதனைத் தொடர்ந்து, 15 வயதுக்குட்பட்ட சிறுவர் பிற்பகல் 2 மணிக்குப் பின் நடைபாதையில் அனுமதிக்கப்படவில்லை. யாத்திரிகர்கள் காவலர் துணையுடன் குழுக்களாக அனுப்பப்பட்டனர், ஊன்றுகோல்களும் வழங்கப்பட்டன. சிறுத்தைகள் சில கூண்டு வைத்துப் பிடிக்கப்பட்டன. பாதையை அமைப்பதோடு நிர்வாகத்தின் கடமை முடிவதில்லை என்பதையும், நடப்போரில் மிகச் சிறியவரின் பாதுகாப்பே ஒரு பாதையின் தரத்திற்கு அளவு என்பதையும் இத்துயர நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நகரத் தெருவில் நடப்பவர்

காட்டு விலங்கினால் நேரும் இழப்பு செய்தியாகிறது. நகரச் சாலையில் நடப்பவருக்கு நேரும் இழப்பு பெரும்பாலும் எண்ணிக்கையாகவே நின்றுவிடுகிறது. மத்திய அரசின் புள்ளிவிவரப்படி, 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். ஐவரில் ஒருவர் என்பது இதன் பொருள். நடைபாதை இல்லாத சாலையில் 'நடந்தால் நலம்' என்று எழுதி வைப்பதனால் மட்டும் பயன் விளையாது.

இந்தியச் சாலைக் குழுமத்தின் பாதசாரி வசதிகள் குறித்த நெறிமுறை, நடைபாதையில் தடையின்றி நடப்பதற்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது. சென்னை மாநகராட்சி 2014-இல் இயந்திரமற்ற போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை பாதசாரிகளின் உரிமை என்றும், அது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும் கூறியது. அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை, பொதுச் சுகாதாரத்தையும், பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகிய வசதிகளையும் நகராட்சிகளின் பணிகளாகக் குறிப்பிடுகிறது. எனவே நடக்க இடம் அமைப்பது சலுகையன்று, கடமையாகும்.

அரசுகளின் முயற்சிகள்

மத்திய அரசு 2019 ஆகஸ்ட் 29-ஆம் நாள், தேசிய விளையாட்டு நாளன்று, 'ஃபிட் இந்தியா' இயக்கத்தைத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலமான 2020-இல், அவரவர் இருக்கும் இடத்திலேயே, இயன்ற வேகத்தில், ஓடியோ நடந்தோ பங்கு பெறும் முறை அவ்வியக்கத்தில் மேற்கொள்ளப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4-ஆம் நாள் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நீளமுள்ள நடைவழி ஒவ்வொன்று இனம் காணப்பட்டது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் அவ்வழியில் மருத்துவ முகாம் அமைத்து, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைச் சோதிப்பதும் திட்டத்தின் பகுதி. நடையையும் நோயறி சோதனையையும் ஒரே இடத்தில் இணைத்தது இதன் சிறப்பு. மாவட்டத்திற்கு ஒரு வழி என்பது நல்ல தொடக்கம். ஆனால் வீட்டு வேலைகளுக்கிடையே அரைமணி நேரமே கிடைக்கும் ஒரு பெண்ணுக்கு, தம் வீட்டு வாசலில் தொடங்கும் வழியே பயன்படும். போதிய உடலுழைப்பு இல்லாத பெண்கள் 57 விழுக்காடு என்ற கணக்கை மாற்ற வேண்டுமாயின், வெளிச்சமுள்ள, அச்சமின்றிச் செல்லத்தக்க, பொதுக் கழிப்பறை உள்ள தெருவழிகளே தேவை.

ஊரளவில் ஒரு நடைத் திட்டம்

ஊராட்சியோ, நகராட்சி வட்டமோ, பள்ளியோ, அலுவலகமோ பெருஞ்செலவின்றி 12 வாரத் திட்டம் ஒன்றை மேற்கொள்ள இயலும். அலிபிரிப் பாதையின் ஐந்து கூறுகளையும் அதில் அமைத்துக்கொள்ளலாம்.

முதற்படியாக, ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றளவுள்ள வழியொன்றைத் தேர்ந்து, 250 மீட்டருக்கு ஒரு குறியிட வேண்டும். கோயில், நூலகம், அஞ்சலகம், ஏரிக்கரை போன்ற தெரிந்த இடங்கள் அவ்வழியில் இருத்தல் நன்று. திறந்த சாக்கடை, உடைந்த கல், எரியாத விளக்கு ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே பட்டியலிட்டுச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதாக, சேருவோரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சுவலியோ மிகுந்த மூச்சுத்திணறலோ உள்ளவர் மருத்துவர் ஒப்புதலின்றி நடையைத் தொடங்கக் கூடாது.

மூன்றாவதாக, அளவைப் படிப்படியே கூட்ட வேண்டும். முதல் இரு வாரங்களில் நாளொன்றுக்கு 10 நிமிட நடை இருமுறை போதும். அடுத்த நான்கு வாரங்களில் அது 15 நிமிடம் இருமுறையாகலாம். ஏழாம் வாரத்திலிருந்து 30 முதல் 40 நிமிடம் வரை நடக்கலாம். கோடையில் காலை 7 மணிக்கு முன்னரும் மாலை வெயில் தணிந்த பின்னரும் நடப்பதே ஏற்றது. மலைப்பாதை ஏறக் கருதுவோர் கடைசி ஐந்து வாரங்களில் மாடிப்படிப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இறங்குவதையும் பழக வேண்டும். முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே மிகுந்த சுமை.

நான்காவதாக, போட்டியை அமைக்கும் முறையில் கவனம் வேண்டும். மிக அதிகமாக நடந்தவருக்குப் பரிசு என்றால், முன்னரே நடந்துகொண்டிருந்த இளைஞரே வெல்வார். தளர்ந்தவர் மூன்றாம் வாரமே விலகிவிடுவார். மாறாக, தெருவார் அனைவரும் நடந்த தூரத்தைக் கூட்டிப் பொதுக்கணக்கு வைக்கலாம். சென்னையிலிருந்து திருப்பதிக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 140 கிலோமீட்டர். பதினைந்து பேர் கொண்ட குழு ஒன்று, ஒவ்வொருவரும் 2 கிலோமீட்டர் வீதம் நடந்தால், ஐந்து நாட்களுக்குள் அத்தூரத்தைக் கணக்கில் கடந்துவிடும். இக்கணக்கில் முதியவரின் அரைக் கிலோமீட்டருக்கும் இடமுண்டு. பரிசு தருவதாயின், தவறாமல் வந்தவருக்கும், புதிதாக ஒருவரை அழைத்து வந்தவருக்கும் தருவதே பொருத்தம். அடிமானியோ கைப்பேசியோ இல்லாதவர், சுற்றுகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினால் போதும்.

ஐந்தாவதாக, பன்னிரண்டாம் வார முடிவில் சோதனைகளை மீண்டும் செய்து, முடிவுகளை ஊர்க்கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும். தனியார் விவரங்களை வெளியிடாது, மொத்த எண்ணிக்கையை மட்டும் கூற வேண்டும். எத்தனை பேர் தொடங்கினர், எத்தனை பேர் நிலைத்தனர், விலகியோர் ஏன் விலகினர் என்பவையே முதன்மையான விவரங்கள். இருள், நாய்த்தொல்லை, நேரமின்மை, துணையின்மை என விலகியோர் கூறும் காரணங்களே அடுத்த ஆண்டின் வேலைத்திட்டமாக அமையும்.

முடிவுரை

நூற்றாண்டுகளாக மக்கள் அலிபிரிப் படிகளை ஏறி வருகின்றனர். எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. செல்வதற்கு ஓர் இடமும், அதற்குத் தகுந்த வழியும், உடன் நடக்கப் பிறரும் இருந்தால் மக்கள் நடப்பார்கள் என்பதற்கு அப்பாதை சான்று. யாத்திரிகருக்கு நிழலும் நீரும் இளைப்பாறும் மண்டபமும் அமைப்பதை அறமெனக் கொண்டது நம் நாட்டு மரபு. அதே அறம் ஒவ்வொரு ஊரின் தெருவிலும் நாள்தோறும் நடப்பவருக்கு உரியதாகும்போது, மருத்துவமனைகளின் சுமையும் குறையும். மக்களின் ஆரோக்கியமும் பெருகும். சமமான நடைபாதை, எரியும் தெருவிளக்கு, நிழல் தரும் மரம் ஆகிய எளிய பொருள்களே அதற்குப் போதுமானவை. அவற்றை அமைக்கும் அதிகாரமும் பொறுப்பும் உள்ளாட்சிகளின் கையில் உள்ளன.